கம்ப்யூட்டரில் ஒன்றும் காட்டவில்லை

வாங்கி ஓராண்டுகூட ஆகாத காரில் எஞ்சின் தொல்லை கொடுக்க ஆரம்பித்தால், சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில் இதுதான்: "ஸ்கேன் பண்ணிப் பார்த்துட்டோம் சார், கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலை." பல ஆண்டுகளாக, பல ஊர்களில், பல கம்பெனிகளின் வரவேற்பு மேஜைகளில் இந்தப் பதிலைக் கேட்டு வந்திருக்கிறேன். சொல்பவர் பொய் சொல்வதில்லை. ஸ்கேனரில் உண்மையிலேயே ஒன்றும் வந்திருக்காது. ஆனால் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, வண்டியில் கோளாறே இல்லை என்ற முடிவுக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தாவலைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன். புது வண்டியின் கோளாறுக்கு முதல் சாட்சி அதை ஓட்டுகிறவர். எப்போது, எந்தச் சூட்டில், எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தில் தொல்லை வருகிறது என்பதை அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அதே நிலைமையை மறுபடி உண்டாக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கேனரின் பேச்சுக்கே வர வேண்டும். அதுவரை ஒரு ஸ்பேரையும் கழற்றக் கூடாது. வாரண்டிக் காலத்தில் இந்த ஒழுங்கு இரட்டிப்பாகத் தேவைப்படுகிறது. அந்தக் காலத்துக்குள் எழுத்தில் பதிவாகாத கோளாறு, காலம் முடிந்த மறுநாளே உரிமையாளரின் சொந்தச் செலவாகிவிடும்.

அம்பாசடரும் பத்மினியும் ஓடிய நாட்களில் மெக்கானிக்கின் கையில் இருந்த கருவிகள் குறைவு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பார்கள். ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி முனையின் நிறத்தைப் பார்ப்பார்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் எரிதல் சரி, காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பசையாக இருந்தால் ரிங்கிலோ வால்வ் சீலிலோ கோளாறு. எஞ்சின் ஓடும்போதே ப்ளக் வயர்களை ஒவ்வொன்றாக உருவி, எதை உருவினால் ஓட்டத்தில் மாற்றமே தெரியவில்லையோ அந்த சிலிண்டர்தான் மிஸ் அடிக்கிறது என்று முடிவு கட்டுவார்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒரு விசாரணை நடக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலா, ஓடிச் சூடான பிறகா? மேட்டில் ஏறும்போதா, சமதளத்திலா? பெட்ரோல் போட்டது எங்கே? வேறு வழியில்லாததால் கேட்ட கேள்விகள் அவை. அந்தக் காலத்தை நான் கொண்டாடவில்லை. ஊகத்தின் பேரில் தேவையே இல்லாமல் எஞ்சினை இறக்கிய பட்டறைகளும் அன்று ஏராளம். இன்று அவர்கள் கனவிலும் காணாத கருவிகள் இருக்கின்றன. அந்த விசாரணையைத்தான் காணோம். கேள்வி கேட்க வேண்டிய நேரத்தை ஸ்கேனர் மிச்சப்படுத்திவிட்டது என்ற எண்ணம் எப்படியோ தொழிலுக்குள் நுழைந்துவிட்டது.

ஸ்கேனர் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் இந்த எண்ணம் எவ்வளவு பிசகானது என்று தெரியும். ஓபிடி எனப்படும் உள்-கண்காணிப்பு முறை, கலிஃபோர்னியாவின் காற்று மாசுக் கவலையிலிருந்து வந்தது. அமெரிக்காவில் 1996-ம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து அதன் இரண்டாம் தலைமுறை கட்டாயமானது. இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் கட்டமும் 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. புகைக் குழாயில் வரும் நச்சு கூடுகிறதா என்று கண்காணிப்பதே அதன் முதல் வேலை. ஓட்டுகிறவருக்கு ஜெர்க் தெரிகிறதா, பிக்கப் குறைந்ததா என்பதெல்லாம் அதன் பொறுப்பில் வைக்கப்படவே இல்லை. மேலும் அது எடுத்த எடுப்பில் 'கோடு' (code), அதாவது கோளாறைக் குறிக்கும் குறியீட்டு எண், போடுவதும் இல்லை. பெரும்பாலான கோளாறுகள் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தென்பட்டால்தான் செக் எஞ்சின் விளக்கு எரியும். முதல் ஓட்டத்தோடு அது 'நிலுவை' என்று மட்டும் குறித்துக்கொள்ளும். மிஸ்ஃபயரை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சி ஒரு கணம் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை எண்ணி, குறிப்பிட்ட சுற்றுகளுக்குள் குறிப்பிட்ட விகிதத்தைத் தாண்டினால்தான் கம்ப்யூட்டர் அதைக் கோளாறாக ஏற்கும். வரம்புக்குக் கீழே எத்தனை முறை மிஸ் அடித்தாலும் ஸ்டியரிங் பிடித்திருப்பவர் உணர்வார், கம்ப்யூட்டர் எழுதாது. இன்னொன்றும் உண்டு. குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் குதிக்கும்போதும் கிராங்க் சுழற்சி தடுமாறும் என்பதால், பல கார்களில் மோசமான சாலை என்று தெரிந்தால் மிஸ்ஃபயர் கண்காணிப்பே சற்று நேரம் நிறுத்திவைக்கப்படுகிறது. நம் ஊர்ச் சாலைகளை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால், 'ஒன்றும் காட்டவில்லை' என்ற பதிலின் எடை எவ்வளவு என்று புரியும்.

இதற்கு என்னிடம் உள்ள மிக வலுவான சான்று அமெரிக்காவில் நடந்தது. ஹூண்டாயின் தீட்டா-2 எஞ்சின் விவகாரம் அது. அலபாமாவில் செய்த எஞ்சின்கள் பொருத்திய 2011, 2012 மாடல் சொனாட்டா கார்கள் சுமார் 4,70,000-ஐ 2015 செப்டம்பரில் அந்த நிறுவனம் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்டைக் கடைந்தபோது உண்டான உலோகத் துகள்கள் எண்ணெய் வழிகளில் சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் தங்கிவிட்டன என்பது காரணம். துகள் எண்ணெயை மறித்தால் கனெக்டிங் ராடு பேரிங் காயும், தேயும். முதலில் 'டொக் டொக்' என்று நாக்கிங் கேட்கும். கவனிக்காவிட்டால் ஓடும்போதே எஞ்சின் நின்றுபோகும். 2017-ல் ஹூண்டாய், கியா இரண்டிலுமாக மேலும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் பட்டியலில் சேர்ந்தன. அதன் பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். எஞ்சினில் ஏற்கெனவே இருந்த நாக் சென்சாரைக் கொண்டே, பேரிங் தேயும்போது எழும் அதிர்வைப் பிரித்தறியும் ஒரு மென்பொருளை எழுதி வண்டிகளில் ஏற்றினார்கள். அதிர்வு தெரிந்தால் விளக்கு எரியும், வேகம் கட்டுப்படும். புதிதாக ஒரு சென்சாரையும் பொருத்தவில்லை. அதாவது, அத்தனை ஆண்டுகளும் காது அங்கேயே இருந்தது. அந்தச் சத்தத்தைக் கேள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அந்த மென்பொருள் வருவதற்கு முன் அதே வண்டியை ஸ்கேனரில் மாட்டிய ஒவ்வொரு பட்டறையும், பேரிங் தேய்ந்துகொண்டிருந்த நேரத்திலேயே, ஒன்றும் காட்டவில்லை என்று நாணயமாகச் சொல்லியிருக்க முடியும். காரை ஓட்டியவரின் காது மட்டுமே அன்று சரியான கருவி. திரும்ப அழைப்பதில் தாமதம் செய்ததாக அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை எடுத்த நடவடிக்கை, 2020 நவம்பரில் இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து 21 கோடி டாலர் அளவிலான ஒப்பந்தத்தில் முடிந்தது. தகவலை வெளியே கொண்டுவந்த பொறியாளருக்கு 2021-ல் 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கிடைத்தது.

அது ஒரு கம்பெனியின் பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2024 மே மாதம் டொயோட்டா, கடைசல் துகள் எஞ்சினுக்குள் தங்கியிருக்கலாம் என்ற அதே காரணத்துக்காக 2022, 2023 மாடல் டண்ட்ரா, லெக்ஸஸ் எல்எக்ஸ் வண்டிகள் சுமார் ஒரு லட்சத்தை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் 6.2 லிட்டர் வி8 எஞ்சினுக்காக ஏறத்தாழ ஆறு லட்சம் வண்டிகளை அழைத்தது. அங்கே கோளாறு கிராங்கிலும் கனெக்டிங் ராடிலும். பெயர் பெற்ற தொழிற்சாலைகளிலேயே இது நடக்கிறது. நம்பகத்தன்மையைப் படிக்கும் பொறியாளர்கள் இதில் வியப்படைய மாட்டார்கள். எந்த இயந்திரமும் தொடக்கத்தில் சற்று அதிகமாகவும், நடுவயதில் குறைவாகவும், முதுமையில் மறுபடி அதிகமாகவும் பழுதாகும் என்பது அவர்களுடைய பாலபாடம். செய்முறையில் நேர்ந்த பிசகுகள் பலவும் தொடக்கக் காலத்திலேயே தலைகாட்டிவிடும். வாரண்டி என்ற ஏற்பாடு இருப்பதே அதற்காகத்தான். ஆகவே "புது வண்டி சார், அப்படியெல்லாம் வராது" என்று சொல்வது உண்மைக்கு நேர் எதிர். வண்டி புதிது என்பதாலேயே இந்த வகைக் கோளாறைச் சந்தேகிக்க வேண்டும்.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு பதில், "ஓட ஓட செட் ஆயிடும்" என்பது. அதில் பாதி உண்மை உண்டு என்பதால்தான் அது ஆபத்தானது. புது எஞ்சினில் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு படிய வேண்டும். அதுவரை எண்ணெய் சற்றே குறையலாம், மைலேஜ் எதிர்பார்த்ததற்குக் கீழே இருக்கலாம், ஓட்டத்தில் ஒரு இறுக்கம் தெரியலாம். இவை படிப்படியாகச் சரியாகும். ஆனால் கூலன்ட் குறைவது செட் ஆகாது. மூடிய அமைப்பில் தண்ணீர் குறைகிறது என்றால் அது எங்கேயோ போகிறது. மிஸ் அடிப்பது செட் ஆகாது. சூடான பிறகு ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது செட் ஆகாது. பாரம் ஏறும்போது கேட்கும் நாக்கிங், நாளாக நாளாக மோசமாகத்தான் ஆகும். சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் வந்த பிறகு இதற்கு இன்னொரு பக்கமும் சேர்ந்திருக்கிறது. மைலேஜ் ஆசையில் குறைந்த சுற்றில் மேல் கியரில் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வதுண்டு. ஒரே அடியில் பிஸ்டன் உடையும் அளவுக்கு அதற்கு வலு உண்டு. அதைத் தடுக்கத்தான் 2018-லும் 2020-லும் எஞ்சின் ஆயிலின் தர அளவுகோலையே திருத்தினார்கள். எந்த ஆயில் ஊற்றினோம் என்பதும், எந்த கியரில் தொல்லை வந்தது என்பதும் இதனால்தான் ஜாப் கார்டில் ஏற வேண்டிய விவரங்களாகின்றன.

சாட்சியத்தை வாங்கி அதே நிலைமையில் சோதிப்பது என்றால் என்ன என்று ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். ஐடிலிங்கில் வண்டி நடுங்குகிறது, சிக்னலில் நிற்கும்போது ஏசி போட்டால் அணைந்துவிடும்போல ஆகிறது, ஆனால் பைபாஸில் ஏறிவிட்டால் ஒரு குறையும் இல்லை என்று உரிமையாளர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கேனரில் கோடு இல்லை. நல்ல மெக்கானிக் கோடு பக்கத்தை மூடிவிட்டு நேரடி அளவுகளைத் திறப்பார். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற திருத்த அளவு அங்கே சதவீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் சரி. பத்து வரை முன்பின் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. பல கார்களில் 20, 25 என்று போனால்தான் கோடு விழும். இந்த வண்டியில் ஐடிலிங்கில் 18 காட்டுகிறது என்றால், கோடு விழவில்லைதான், ஆனால் கம்ப்யூட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு சமாளிக்கிறது. இப்போது சுற்றை 2,500-க்கு ஏற்றிப் பிடிக்க வேண்டும். அளவு சரசரவென்று இறங்கி மூன்று, நான்குக்கு வந்துவிட்டால், த்ராட்டிலுக்குப் பின்னால் எங்கேயோ திருட்டுக் காற்று நுழைகிறது என்று பொருள். ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் காற்று கொஞ்சம் என்பதால் அந்தக் கசிவு பெரிதாகத் தெரியும். சுற்று ஏறினால் மொத்தக் காற்றில் அது கரைந்துபோகும். அப்படி இறங்காமல் சுற்று ஏற ஏற, பாரம் ஏற ஏற அளவும் ஏறினால் கதை வேறு. பெட்ரோல் போதுமான அழுத்தத்தில் வரவில்லை, பம்ப்பையோ ஃபில்டரையோ பார்க்க வேண்டும். இதில் எந்த ஸ்பேரும் மாற்றப்படவில்லை, எதுவும் கழற்றப்படவில்லை. "சிக்னல்ல மட்டும், ஏசி போட்டா" என்று உரிமையாளர் சொன்ன அரை வாக்கியம்தான் எந்த நிலையில் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டியது.

கோடு விழுந்தாலும் அது கேள்வியைத்தான் தருகிறது. பி0302 என்றால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர். இக்னிஷன் காயில் போய்விட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. காயில், ப்ளக், இன்ஜெக்டர், வால்வ், கம்ப்ரெஷன், ஒரு வயரின் லூஸ் கனெக்ஷன் என்று எதுவாகவும் இருக்கலாம். இரண்டாம் சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றில் மாட்டி, மூன்றினுடையதை இரண்டில் மாட்டி ஓட்டிப் பார்த்தால், கோடு பி0303 என்று இடம் மாறினால் காயில்தான். மாறவில்லையென்றால் காயில் நிரபராதி. காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நேராகப் புதுக் காயில் போட்டுவிடுவதை வாரண்டி வேலைகளில் அடிக்கடி காண்கிறோம். அதைவிட மோசமான வழக்கம், வண்டி உள்ளே வந்ததும் கோடுகளை அழித்துவிடுவது. கோடு விழுந்த கணத்தில் எஞ்சின் சூடு எவ்வளவு, சுற்று எவ்வளவு, வேகம், பாரம், பெட்ரோல் திருத்தம் எவ்வளவு என்று ஒரு சித்திரத்தைக் கம்ப்யூட்டர் உறைய வைத்து வைத்திருக்கும். கோடுகளை அழித்தால் அதுவும் போய்விடும். பல வண்டிகளில் பேட்டரியைக் கழற்றினாலும் போய்விடும். அழிப்பதற்கு முன் அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து ஜாப் கார்டோடு சேர்த்துவைக்க அரை நிமிடம் போதும்.

சர்வீஸ் சென்டர்களின் பக்கத்திலிருந்து வரும் முதல் மறுப்பு நியாயமானது. உரிமையாளர்களுக்குச் சொல்லத் தெரிவதில்லை, 'வண்டி சரியில்லை, என்னமோ பண்ணுது' என்பார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் சொல்லத் தெரியாதவரிடம் கேட்டு வாங்குவதுதான் சர்வீஸ் அட்வைசரின் வேலை. ஜாப் கார்டில் நான் அதிகம் பார்த்த வாசகங்கள் 'பிக்கப் ப்ராப்ளம்', 'எஞ்சின் நாய்ஸ்', 'ஜெனரல் செக்கப்' ஆகியவை. இவற்றால் உள்ளே வேலை செய்யும் மெக்கானிக்குக்கு ஒரு பயனும் இல்லை. 'காலையில் முதல் ஸ்டார்ட்டில் பத்து நொடி கடகட சத்தம், சூடானபின் இல்லை' என்று எழுதினால் டைமிங் செயின் டென்ஷனரில் எண்ணெய் தங்கவில்லையோ என்று அவர் யோசிக்கத் தொடங்கலாம். 'ஓடி நிறுத்தி அரை மணி கழித்து ஸ்டார்ட் செய்தால் நெடுநேரம் சுற்றுகிறது, காலையில் உடனே பிடிக்கிறது' என்று எழுதினால் பெட்ரோல் அழுத்தம் இறங்கிவிடுகிறதா, இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று அளக்கலாம். உரிமையாளரோடு அட்வைசரோ மெக்கானிக்கோ ஒரு டிரையல் போய்வந்தால் இதில் பாதி விளங்கிவிடும். காலையில் மட்டும் வரும் சத்தத்துக்கு, வண்டியை முதல் நாள் மாலையே விட்டுவிட்டு மறுநாள் காலை மெக்கானிக் தானே ஸ்டார்ட் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ஓட்டிக்கொண்டு வந்து இறக்கிய சூடான வண்டியில் அந்தச் சத்தத்தைத் தேடுவது வீண் வேலை.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. வாரண்டி வேலைக்குக் கார் கம்பெனி பட்டறைக்குத் தருவது பெரும்பாலும் அந்தந்த வேலைக்கு என்று முன்பே நிர்ணயித்த நேரக் கூலி. ஒரு காயிலை மாற்ற இவ்வளவு, த்ராட்டில் பாடிக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. மூன்று மணி நேரம் உட்கார்ந்து யோசித்து, ஒரு வயரின் லூஸைக் கண்டுபிடித்து இறுக்கியதற்கு அதில் எளிதில் இடம் கிடைப்பதில்லை. ஆகவே மெக்கானிக் ஸ்பேரை மாற்றும் பக்கம் சாய்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படி மாற்றுவது சில நேரம் வேலையை முடித்தும் விடுகிறது. ஆனால் முடியாதபோது அது விட்டுச்செல்லும் சேதம் பெரிது. புது ஸ்பேர் போட்டதும் கோடு அழிகிறது, கம்ப்யூட்டர் கற்றுவைத்த திருத்தங்கள் பூஜ்யமாகின்றன, சில நாட்களுக்கு வண்டி நன்றாக ஓடுவதுபோல் தோன்றுகிறது. ஜாப் கார்டு 'சரிசெய்யப்பட்டது' என்று மூடப்படுகிறது. தொல்லை திரும்பி வரும்போது அது புதுப் புகாராகப் பதிவாகிறது. பழைய புகாரின் தொடர்ச்சி என்று யாரும் எழுதுவதில்லை. மூன்று முறை வந்த ஒரே கோளாறு, காகிதத்தில் மூன்று தனித்தனிச் சின்னக் கோளாறுகளாகிவிடுகிறது. கம்பெனிக்கும் இதில் நட்டம்தான். திரும்பிப்போன நல்ல காயில்களை வைத்துக்கொண்டு அவர்களுடைய தரப் பிரிவு எதைத்தான் கண்டுபிடிக்கும்?

மூன்றாவது மறுப்பு, உரிமையாளரின் பேச்சையே சாட்சியமாக எடுத்தால் கம்பெனியை ஏமாற்றுவோர் பெருகுவார்கள் என்பது. முறையான நோயறிதல் உரிமையாளருக்கு எதிராகவும் பேசும் என்பதே இதற்குப் பதில். தரையடி பார்க்கிங்கில் எலி கடித்த வயரிங், அந்தப் பல் அடையாளத்தோடேயே இருக்கும். அதற்கு வாரண்டி கிடையாது, கேட்பதும் நியாயமில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தண்ணீருக்குள் ஓட்டிய வண்டிகளை எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. அதை அமுக்கப் போன பிஸ்டனின் கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடோடு எஞ்சின் சில நேரம் வாரக்கணக்கில் ஓடிவிட்டு, பிறகு ஒரு நாள் ராடு முறிந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும். காகிதத்தில் பார்த்தால் வாரண்டிக் காலத்தில் உடைந்த எஞ்சின். ஆனால் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், மற்ற சிலிண்டர்களின் மேல் விளிம்பில் கரிக்கோடு மெல்லியதாக இருக்க, அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் அது அகலமாகக் கீழே வரை இறங்கியிருக்கும். வளைந்து குட்டையான ராடால் பிஸ்டன் தன் பழைய உயரத்துக்கு ஏறவில்லை என்று அந்தக் கரிப்பட்டை சொல்கிறது. இது இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு எடுத்திருந்தால் அங்கே போக வேண்டிய வழக்கு, வாரண்டியில் இதற்கு இடமில்லை. ஆனால் அதே அளவுக் கண்டிப்பை மறுபுறமும் எதிர்பார்க்கிறேன். 'தண்ணீர் போயிருக்கும்', 'பெட்ரோல் கலப்படமாக இருக்கும்' என்று வாரண்டியை மறுப்பவர்கள் அந்தக் கரிப்பட்டையையோ, டேங்கிலிருந்து எடுத்த மாதிரியையோ காட்ட வேண்டும். ஊகத்தால் வாரண்டி கேட்கக் கூடாது என்றால் ஊகத்தால் மறுக்கவும் கூடாது.

பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் இந்த ஊகம் இன்னும் சுலபமாக நடக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டீசல் கார்களில் கரித்துகள் ஃபில்டர் உண்டு. அதில் சேரும் கரி எரிந்து வெளியேற, வண்டி சற்று நேரம் தொடர்ந்து ஒரே வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓடினால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும். பட்டறையில் "சிட்டிக்குள்ளேயே ஓட்டுறீங்க சார், ஹைவேயில் ஒரு ரவுண்டு போங்க" என்பார்கள். முதல் தடவைக்கு அது சரியான அறிவுரை. அடிக்கடி வெளியூர் போகிறவரின் வண்டியிலும் அது திரும்பத் திரும்ப அடைத்தால் ஓட்டும் முறையைக் குற்றம் சொல்ல வழியில்லை. இன்ஜெக்டர் சொட்டி அளவுக்கு மேல் கரி உண்டாகிறதா, ஃபில்டரின் முன்பின் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் மட்டம் ஏறியிருந்தால், கரியை எரிக்க ஊற்றிய டீசல் பாதியிலேயே நின்ற முயற்சிகளால் எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கிறது என்றும் தெரியும். எண்ணெய் குறைந்தால் பதறுகிறவர்கள் ஏறினால் மகிழ்ந்துவிடுகிறார்கள். ஏறுவது அதைவிடக் கவலைக்குரியது.

மென்பொருள் அப்டேட் போட்டுவிட்டோம் என்ற பதிலும் இன்று பரவலாகிவிட்டது. சில கோளாறுகள் உண்மையிலேயே மென்பொருளில்தான் இருக்கின்றன, அப்டேட்டில் தீர்கின்றன. நான் கேட்பது ஒன்றுதான்: அந்த அப்டேட் எதைத் திருத்தியது என்று எழுதித் தர வேண்டும். கோடு விழும் வரம்பை உயர்த்திவிட்டும் விளக்கை அணைக்கலாம், கோளாறைத் தீர்த்தும் அணைக்கலாம். இரண்டையும் பிரித்தறிய, அப்டேட்டுக்கு முன்னும் பின்னும் அதே நிலைமையில் எடுத்த நேரடி அளவுகள் தேவை.

வெளி மெக்கானிக்கிடம் காட்டினால் வாரண்டி போய்விடும் என்ற பயம் உரிமையாளர்களிடம் ஆழமாக இருக்கிறது. வயரை வெட்டி எதையாவது சேர்ப்பது, கம்பெனி அனுமதிக்காத கேஸ் கிட் போடுவது, கம்ப்யூட்டரின் நிரலை மாற்றுவது, எஞ்சினைத் திறப்பது ஆகியவை வாரண்டியைக் கெடுக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு ஸ்கேனரை மாட்டிப் படித்துவிட்டுக் கழற்றுவது எதையும் மாற்றுவதில்லை. படிக்கலாம், அழிக்கக் கூடாது, அவ்வளவுதான். தொல்லை வரும் நேரத்தில் போனில் எடுத்த வீடியோ, அதில் டாஷ்போர்டும் சத்தமும் சேர்ந்து பதிவாகியிருந்தால், பல ஸ்கேன் ரிப்போர்ட்டுகளைவிட உதவும்.

இத்தனை எழுத்து வேலை எதற்கு, நல்லபடியாகப் பேசினால் செய்துகொடுத்துவிடுவார்களே என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் செய்துகொடுக்கிறார்கள்தான். செய்யாதபோது நிற்பது எழுத்து மட்டுமே. மாருதி உத்யோக் தொடர்பான ஒரு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், வாரண்டி நிபந்தனை கெட்ட பாகத்தை மாற்றித் தருவதைத்தான் சொல்கிறது, முழுக் காரையும் மாற்றித் தரச் சொல்லவில்லை என்று கூறியது. ஆகவே எந்தப் பாகம், என்ன கோளாறு என்று நிறுவும் சுமை நடைமுறையில் உரிமையாளரிடமே வருகிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சோதித்துப் பார்க்காமல் தீர்மானிக்க முடியாத குறைபாடு என்றால் ஆணையம் பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளுக்குள் அறிக்கை கேட்கலாம் என்கிறது. ஆய்வகம் முதலில் தேடுவது பழைய ஜாப் கார்டுகளைத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 110ஏ பிரிவு, ஒரு மாடலின் உரிமையாளர்களில் குறிப்பிட்ட விகிதத்தினர் குறைபாட்டைப் புகார் செய்தால், அது ஓட்டுகிறவருக்கோ சாலையில் போகிறவருக்கோ சுற்றுச்சூழலுக்கோ தீங்கு செய்யக்கூடியது என்றால், அந்த வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருக்கிறது. அந்த விகிதம் வாய்ப்பேச்சால் நிரம்பாது. புகார் செய்ய வருகிற உரிமையாளரின் கையில் இருக்கும் ஜாப் கார்டில் 'சோதித்தோம், ஒன்றும் இல்லை' என்று எழுதி மூடியிருந்தால், அவர் பெரும்பாலும் பட்டறை வாசலோடு திரும்பிப் போய்விடுகிறார். அதே கார்டில், எந்த வேகத்தில், எந்தச் சூட்டில், எத்தனையாவது கிலோமீட்டரில் என்று அவர் சொன்னது சொன்னபடி ஏறி, கீழே அட்வைசரின் கையெழுத்தும் தேதியும் இருக்க வேண்டும். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது அதன் நகல் ஒன்றை உரிமையாளர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.